துதி வேளையில் ஒரு தட்டல்

டொம்... டொம்... டொம்.

இருட்டிய பிறகு சமையலறைச் சுவரிலிருந்து இப்படியொரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. பாட்டுக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"என்னம்மா நிறுத்திட்டே?" என்றாள் நர்ஸ் அக்கா. மாதம் ஒரு வீடாக நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

"சுவத்தை யாரோ இடிக்கிறாங்கக்கா."

"யாரோ என்ன யாரோ? உங்க எதிர்வீட்டு உம்மணாமூஞ்சிதான்!"

அவர் ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நகர மாட்டார். போன மாதம் மாடிவீட்டில் ஜெபம் நடந்தபோது, "உங்க ஆண்டவருக்குக் காது கேக்காதா?" என்று வாசலில் நின்று சண்டை பிடித்தவர்.

இந்த மாதம் இவள் முறை. வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஊர். கணவனுக்கு இரவு வேலை. ஒன்றரை வயதுக் குழந்தையை உள்ளறையில் தூங்கப்போட்டுவிட்டு வந்திருந்தாள். பேச்சுத் துணைக்கென்று அவளுக்கு இருப்பதே இந்தப் பத்துப் பேர்தான். கான்வென்ட்டில் வாய்க்குள்ளேயே பாடிப் பழகியவள், இவர்களுக்காகத்தான் கைதட்டவே கற்றுக்கொண்டாள்.

டொம் டொம் டொம். இப்போது இன்னும் வேகமாக.

"பயமா இருக்குக்கா. என்னன்னு பாத்துட்டு வந்துடட்டுமா?"

"துதி நேரத்துல எழுந்து போவியா? அந்த மனுஷனுக்கு வேண்டியதே அதுதான். நாம துதிக்கத் துதிக்க எதிராளிக்குப் பொறுக்காது. எல்லாரும் இன்னும் சத்தமா!"

டெய்லர் அண்ணன் டாம்பரினை ஓங்கி அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினாள். பயத்தில் குரல் என்றைக்கும் இல்லாத உயரத்துக்குப் போனது.

"பாத்தியா, தொண்டை திறந்துடுச்சு!" என்று அக்கா பூரித்துப்போனாள்.

பாட்டு முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கிய ஒரு நொடியில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கரகரத்த குரல் வந்தது.

"யாராவது வந்து தொலைங்களேன்! புள்ளையப் புடிங்க!"

அவள் சமையலறைக்கு ஓடினாள். பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. ஆட்கள் வருகிற பரபரப்பில், குப்பையைக் கொண்டுபோய் வைத்தவள் தாழ்ப்பாள் போட மறந்திருந்தாள். கதவுக்கு வெளியே பொதுப் படிக்கட்டு.

மேல்படியில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். மடக்க முடியாத காலைப் படிக்குக் குறுக்கே நீட்டியிருந்தார். ஒரு கையில் கைத்தடி. இன்னொரு கையில் அவள் குழந்தையின் சட்டை. அதுவோ, இறங்கியே தீருவேன் என்று திமிறிக்கொண்டிருந்தது.

வாரி எடுத்து அணைத்துக்கொண்டாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இதைத் தூக்கிட்டு எந்திரிக்க முடியலம்மா. விட்டுட்டு எந்திரிக்கவும் பயம். கத்திக் கத்திப் பாத்தேன். உங்க பாட்டுல என் குரல் எங்க எடுபடும்? அதான் சுவத்தை இடிச்சேன்."

பத்துப் பேரும் பின்னால் வந்து நின்றார்கள். நர்ஸ் அக்காதான் முதலில் குனிந்து, அவரைத் தோள்கொடுத்து எழுப்பினாள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. நாங்க வேற மாதிரி நினைச்சுட்டோம்."

"நினைப்பீங்க. என் மூஞ்சி அப்படி."

"உள்ள வாங்க அங்கிள்," என்றாள் அவள்.

"எனக்குப் பாட்டெல்லாம் வராதும்மா. நீங்க நடத்துங்க."

"பாட வேண்டாம். நான் இன்னைக்கு இன்னும் துதிக்கவே இல்ல அங்கிள். இனிமேதான் துதிக்கணும். கூட இருங்க, போதும்."

அவர் ஒருமுறை தன் வீட்டைப் பார்த்தார். பிறகு மெல்லக் காலெடுத்து உள்ளே வைத்தார்.

அதற்கப்புறம்தான் அவள் பின்கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.