வேட்டியின் மறுமுனை

குருவிட்ட பஸாரில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்ஹமுக்குத் தன் கம்ப்யூட்டரில் தெரியாதது எதுவுமில்லை. அந்தப் பழைய மொனிட்டர் எண்ணூறு புள்ளி அகலம்தான் தாங்கும். அதற்கு மேல் கேட்டால், மிச்சப் படத்தை, திரையை இயக்கும் ட்ரைவர் மென்பொருள் திரைக்கு வெளியே வைத்துக்கொள்ளும். மவுஸை ஓரத்துக்குத் தள்ளினால் நகர்த்திக் காட்டும்.

அன்று தோட்டத்து ராக்கம்மா, மகளின் அடையாள அட்டைப் படத்துக்கு இன்னொரு பிரதி கேட்டு வந்திருந்தாள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் அவனே எடுத்த படம். பின்னணிக்கு வெள்ளை வேட்டியின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவள் புருஷன். படத்தில் அவருடைய விரல்கள் மட்டும் விழுந்திருந்தன. மறுமாதமே மண்சரிவு அவரைக் கொண்டுபோய்விட்டது.

“விரல வெட்டிருவோம் அக்கா,” என்று அப்ஹம் மவுஸைத் தள்ளினான். படத்தின் ஓரம் வந்ததும் ட்ரைவர் நிறுத்திவிடும். நிறுத்தவில்லை. மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. ஈரமண் அப்பிய தோள் வந்தது. பிறகு முகம்.

ராக்கம்மா திரைக்கு அருகே குனிந்தாள்.

“இன்னுமா புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? படம் எடுத்து முடிஞ்சிருச்சு. கை வலிக்கும், விடுங்க.”

அப்ஹம் அவசரமாகப் படத்தைப் பழைய இடத்துக்கு இழுத்தான். மகள் அப்படியேதான் நின்றாள். அவளுக்குப் பின்னால் வேட்டி இல்லை. லயத்தின் கரிபிடித்த சுவர் தெரிந்தது.