பாக்கி நின்ற அரைச் சுற்று

சத்துணவுக் கூடத்தில் ஒரு பூசணிக்காயும் ஒரு கத்தரிக்காயும் சாம்பாருக்காகக் காத்துக் கிடந்தன. கோள்கள் பாடம் நடத்த, அறிவியல் டீச்சர் வந்து இரண்டையும் இரவல் வாங்கிப் போனார். பூசணி வியாழன் ஆனது. நீலம் ஓடிய கத்தரிக்காய் நெப்டியூன் ஆனது. அதற்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டுமா!

வகுப்பின் நடுவே எரிந்த பல்புதான் சூரியன். பிள்ளைகள் கோள்களை ஏந்திக்கொண்டு சுற்றினார்கள். கடைசிக் கோள் மெதுவாகத்தான் போகணும் என்றார் டீச்சர். பூசணி பல சுற்று வந்துவிட்டது. கத்தரிக்காய் பாதி வட்டம் போவதற்குள் மணி அடித்துவிட்டது.

திரும்பி வந்தும் அதற்கு மனசு ஆறவில்லை.

"இன்னும் அரைச் சுத்துதான் அண்ணே. விட்டிருந்தா முடிச்சிருப்பேன்."

"அட, விடுப்பா. நாம வந்தது சாம்பாருக்கு" என்றது பூசணி.

சமையலம்மா இரண்டையும் நறுக்கி, கொதிக்கும் அண்டாவில் போட்டு, கரண்டியால் மெல்லக் கிண்டினார். ஒரு கத்தரித் துண்டு விளிம்பை ஒட்டியே நகர்ந்து, முழு வட்டம் வந்து, புறப்பட்ட இடத்தில் நின்றது.

"அண்ணே, பாத்தீங்களா! முழுசாச் சுத்திட்டேன்!"

பூசணி அதற்குள் குழைந்து கரைந்துபோயிருந்தது.