ஆடாத கூடு

புயலில் பனைமரம் சாய்ந்துவிட்டது. அதில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடும் போயிற்று. தாய்க்குருவியும் சேற்றில் விழுந்த குஞ்சுகளும் மட்டும் பிழைத்தன.

உதவுகிறேன் என்று காகம் வந்து, பூவரச மரத்தில் சுள்ளி அடுக்கிப் புதுக் கூடு கட்டிக் கொடுத்தது. குஞ்சுகள் அதில் இரை தின்னவில்லை, தூங்கவில்லை. கத்தித் தீர்த்தன.

காகம் இன்னும் சுள்ளி திணித்தது. "இனி எந்தப் புயலும் இதை அசைக்காது தங்கச்சி!"

"அசையாததுதான் அண்ணே குறை. பனையிலே காற்று வந்தா கூடு மெல்ல ஆடும். நானும் அப்படித் தூங்கி வளர்ந்தவதான்."

"புயல்லே ஆடினது போதாதா?"

அப்போது கீழே ஓர் எருமை வந்து மரத்தில் முதுகைத் தேய்த்தது. கிளை ஆடியது.

"ஏய் தடியா, நிறுத்து!" என்று காகம் கத்தியது.

"நீங்க வாயை மூடுங்க அண்ணே," என்றது குருவி.

கூட்டுக்குள் சத்தம் அடங்கியது. குஞ்சுகளைத் தூங்கவைத்தது அந்த எருமை.