பாட மறுத்த சரணம்

"ஒரு சரணத்தையே முழுங்கிட்டீங்களே, மதாம்! கசாப்புக் கடைக்காரன்கூட இப்படி வெட்ட மாட்டான்."

பேராசிரியர் பெர்த்தியே சொன்னதும் ஒதீலின் காதுகள் சிவந்தன. திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியில் அவர் நாற்காலியில் சாய்ந்தார். பாரீஸின் அந்தப் பாட்டு விடுதியில் ஒத்திகை நின்றுபோயிருந்தது.

மறைந்த கவிஞர் லெமுவானின் கவிதைகளுக்கு மெட்டமைத்திருந்தாள் ஒதீல். இசைத்தட்டுக்கு நாளை பதிவு. கவிஞரின் அறக்கட்டளைத் தலைவரான பெர்த்தியே சம்மதித்தால்தான் நடக்கும்.

"அந்தச் சரணம் நல்லா இல்ல, மொஸ்யூ."

"நல்லா இல்லையா? லெமுவானோட ஆன்மாவே அதுலதான் இருக்கு. அதைப் பத்தியே தனிப் புத்தகம் எழுதியிருக்கேன்!"

கண்ணை மூடிக்கொண்டு உருகினார்: "நிலவே, நனைந்த புறாவே! என் நெஞ்சம் கிழிந்த குடையே!"

ஒதீல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பியானோவிலிருந்து லுசியேன் கெஞ்சினான். "பாடித் தொலையேன், ஒதீல். நாலு வரிக்காக இத்தனை பாட்டும் குப்பைக்குப் போகணுமா?"

"புறாவும் குடையும்! வாய் கூசுதுப்பா."

"கூசும், கூசும்," என்று சிரித்தார் பெர்த்தியே. "கையெழுத்துப் பிரதியில இது கிடையாது. பத்திரிகைக்காரன் வந்து நின்னதும் ஓட்டல் மேசையிலேயே லெமுவான் பொழிஞ்சது. அதுதான் மேதை! நீங்களும் அன்னைக்கு அதே மேசையில குடிச்சுக்கிட்டிருந்தீங்களாமே. கூட உட்கார்ந்து குடிச்சா கவிதை புரிஞ்சிடுமா?"

ஒதீல் பாடினால் அந்த வரிகளை ஊரே முணுமுணுக்கும். நினைத்தாலே உடம்பு கூசியது. பாடாவிட்டால் லெமுவான் இந்த மனிதரின் புத்தகங்களுக்குள்ளேயே மக்கிப்போவார். இரண்டில் எது பெரிய துரோகம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெர்த்தியே தொப்பியை எடுத்தார். "கடைசியாக் கேக்கறேன். பாடுவீங்களா, மாட்டீங்களா?"

"பாடறேன்," என்றாள். "ஆனா தட்டுல, கவிதை எழுதினவர் பேருக்குப் பக்கத்துல என் பேரும் வரணும்."

"உங்க பேரா? லெமுவான் பக்கத்துலயா?" அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எந்தத் தகுதியில, மதாம்?"

ஒதீல் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"பத்திரிகைக்காரன் வந்தப்போ லெமுவான் மேசைக்கடியில குறட்டை விட்டுக்கிட்டிருந்தார், மொஸ்யூ."