பறிக்குள் இருந்த பத்தாயிரம்

கார்டை மெஷினில் தேய்த்த செல்போன் கடைக்காரர், அதில் நாலாயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது என்று சொன்னதும், நாகம்மாள் புருஷன் பக்கம் திரும்பிப் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

பொன்னேரி பஜார். பட்டப்பகல். கடை நிறைய ஜனம்.

ரங்கன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறவர்களில் கெட்டிக்காரி என்று, இறால் கம்பெனி அவளை மேடையேற்றிக் கொடுத்த பரிசு கார்டு அது. முழுசாகப் பத்தாயிரம். மகள் ஆர்த்தி காலேஜ் சேரும்போது போன் வாங்கித் தருவதற்காக, ஒரு வருஷத்துக்கு மேல் பழைய பறிக்குள் போட்டுக் கூரையில் மாட்டியிருந்தாள். பறி என்றால் இறால் போடும் ஓலைக்கூடை. அடுத்தவர் பறிக்குள் அவர்கள் ஊரில் திருடன்கூடக் கையை விட மாட்டான். கார்டு அங்கே இருப்பது தெரிந்த ஒரே ஆள் இந்த மனுஷன்தான்.

குடியை விட்டுவிட்டேன் என்று பெற்ற மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மனுஷன். அதையும் நம்பித் தொலைத்தாளே!

"குடிச்சே அழிச்சிட்டியாடா, பாவி! பொண்ணுக்கு வெச்ச காசுடா அது!"

சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பட்டன்கள் தெறித்தன. அவன் தலையைக் கொண்டுபோய்க் கண்ணாடி ஷோகேசில் மோதினாள். கண்ணாடி கீறல் விட்டது. கீழே சரிந்தவனை வயிற்றிலேயே உதைத்தாள்.

"நான் தொடவே இல்லமே... ஆர்த்தி மேல சத்தியமா" என்று எழுந்தவன், அவள் வாயைப் பொத்த வலக்கையை நீட்டினான்.

நீட்டிய கையைக் கவ்விவிட்டாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நாளெல்லாம் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு சேற்றைத் துழாவுகிறவள். அந்தப் பல்லில் மாட்டினால் விடுமா? ரங்கன் அலறினான். ஆனால் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு பேர் அவள் தாடையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. அதற்குள் கட்டைவிரல் எலும்பு தெரியப் பிய்ந்துவிட்டது.

கடைக்காரர் கார்டின் பின்பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"ஐயோ, யாரும் எடுக்கலம்மா! ஆறு மாசத்துக்குள்ள செலவு பண்ணலன்னா மாசாமாசம் கார்டுக்காரனே பிடிச்சிக்குவானாம். பொடி எழுத்துல போட்டிருக்கான். சும்மா வெச்சிருந்ததுக்குத்தாம்மா இந்தப் பிடித்தம்."

நாகம்மாளின் வாயில் அவன் ரத்தம் கரித்தது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. முந்தானையைக் கிழித்து அவன் விரலில் சுற்றினாள். சுற்றச் சுற்றத் துணி நனைந்தது. அவனும் அவளைப் போலக் கையால் இறால் பிடிக்கிறவன். இந்தக் கை இனி எப்போது ஏரித் தண்ணீரில் இறங்கும்? இடுப்பில் பஸ்ஸுக்கான சில்லறைதான் இருந்தது.

"மிச்சத்தையாவது காசா குடு சார். ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போணும்."

"கார்டுல இருக்கிறத காசா தர முடியாதும்மா. பொருள்தான் வாங்கிக்கணும்."

அவள் அவர் காலில் விழப்போனாள். ரங்கன் இடக்கையால் அவளைப் பிடித்து நிறுத்தினான். அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

"வுடுமே" என்றான். "அந்தக் காசுக்கு இன்னா போன் வரும்னு கேளு."