நாற்பத்தொரு மேற்கோள்

மாண்டிவிடியோ நகரத்தில் மூளை நரம்பு ஆராய்ச்சி செய்யும் லெட்டிசியா ஓரிபேயின் கட்டுரைகளை உலகத்தில் ஒரே ஒருவர்தான் மேற்கோள் காட்டியிருந்தார். நாற்பத்தொரு முறை.

போன மாதம் பழகி இந்த மாதம் மோதிரம் மாற்றிக்கொண்ட பிராவுலியோ, அந்த மேற்கோள் பட்டியலை மாத்தே தேநீர்க் குவளைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"யாரு இந்த எல். சுனினோ?"

"நெருங்கின ஆளுதான்."

"'ஓரிபேயின் ஒப்பற்ற ஆய்வு'ன்னு உருகறான். வலிப்பு நோய்க் கட்டுரையில எதுக்கு இவ்வளவு உருக்கம்?"

"பொறாமையா?"

"உண்மையைச் சொல்றியா, மோதிரத்தைக் கழட்டவா?"

லெட்டிசியா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சுனினோ எங்க அம்மாவோட குடும்பப் பேரு. நம்ம ஊர்ல எல்லாருக்கும் அப்பா பேரு, அம்மா பேருன்னு ரெண்டு இருக்கே. பாதிக் கட்டுரையை அப்பா பேர்ல போட்டேன், மீதியை அம்மா பேர்ல."

"அப்போ அவன் நீதானா?" பிராவுலியோ அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். "வேற எவனுமே இல்லையா?"

"ஒருத்தன்கூட இல்ல" என்றாள், அழாத குறையாக. "திங்கட்கிழமை பதவி உயர்வுக் குழுவும் யாரு இந்த சுனினோன்னுதான் கேட்கும். உன்னை விசாரிச்சா, அவன் என் கள்ளக் காதலன்னே சொல்லிடு, செல்லம்."