மூழ்கிப்போனவருக்கு ஓர் இலை

கனகசெட்டிக்குளத்தில், கண்ணுகளா, கன்னியம்மாள் வீட்டுக் கூடத்தில் உச்சிவெயில் விழுகிறது. வாழையிலையில் வஞ்சிரக் குழம்பு ஆவி விடுகிறது. ஆங்கிலேயனின் கரும்புத் தோட்டத்துக்கு மொரீசியஸ் போகும் வழியில், இருபது வயதில் கடலில் மூழ்கியதாகச் சேதி வந்த கொள்ளுத்தாத்தாவுக்கு வருடாவருடம் வைக்கும் படையல் அது. அந்தத் தீவிலிருந்து உறவு தேடி முதல்முறையாக வந்திருக்கும் தேவினா, பழைய படமொன்றைப் பிரியமாய் நீட்டுகிறாள். கீழே அவர் பெயரும் இந்த ஊர்ப் பெயரும். பக்கத்தில் வேறொரு மனைவி, ஐந்து பிள்ளைகள். “முழுகிப் போனவனுக்கு மீசை நரைச்சிருக்கே!” கன்னியம்மாள் சிரிக்கப் பார்க்கிறாள். அந்தச் சேதியை நம்பி, இங்கே ஒருத்தி கைக்குழந்தையோடு பொட்டழித்துத் தாலியறுத்தாள். கன்னியம்மாள் இலையை இழுத்துத் தேவினா முன் வைக்கிறாள். “நீ சாப்புடும்மா, உம்மேல என்ன தப்பு? அவனுக்கு இனிமே கெடையாது.” பிறகு அந்த ஒருத்திக்காகப் புது இலை விரித்து, அதன் ஓரத்தில் குங்குமம் வைக்கிறாள். “அவ அழிச்சிருக்கவே வேணாமே.”